மாவில் கழித்த ஈரம்

என் கேக்குக்கு அளவு ஒரு எனாமல் மங்குதான். இரண்டு மங்கு மாவு, ஒரு மங்கு சீனி. எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசையில் எந்த வீட்டில் பிறந்தநாள் என்றாலும் அந்தக் கேக்தான் போகும். ஒருநாளும் சொதப்பியதில்லை. தானா ராத்தா டவுனில் காப்பிக்கடை வைத்திருக்கும் சீன அம்மா அதை ருசி பார்த்ததில்தான் வினை ஆரம்பித்தது. வாரம்தோறும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறேன் என்றார். ஆனால் மங்குக் கணக்கு தன் சமையலறையில் செல்லாது, கிராமில் அளந்து தன் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும் என்றார்.

எனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி மேல் அப்படி ஓர் ஆசை. ஊருக்கெல்லாம் சும்மா சுட்டுக் கொடுத்த கை, டவுனில் நாலு பேர் பார்க்கட்டுமே.

கைப்பேசியில் தேடினேன். ஒரு கப் மாவு நூற்றிருபது கிராம் என்றாள் ஒருத்தி. நூற்று நாற்பது என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவள், சலித்து அளந்தால் வேறு, அமுக்கி அளந்தால் வேறு என்று நீட்டி முழக்கிவிட்டு, எதுவும் சொல்லாமல் போய்விட்டாள். இவர்களில் யாரும் என் மங்கைப் பார்த்ததில்லை. ஆகவே சின்னதாக ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன்.

தராசைக் கண்டதும் என் வீட்டுக்காரருக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. அவர் எஸ்டேட்டில் கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதும் கிராணி. தம் வீட்டுத் தராசில் இன்னொருவர் கை வைக்க விடுவாரா?

“தள்ளு லா. நிறுக்கறது என்ன விளையாட்டா?”

தள்ளி நின்றேன். கல்யாணத்துக்கு முன்பு கொழுந்துச் சாக்கோடு இதே மனிதர் முன்னால் வரிசையில் நின்றவள்தானே. மாவு மங்கைத் தராசில் வைத்தார். குனிந்து பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே இறங்கும் பனியையும் பார்த்தார். பிறகு, “மங்கு போக நூத்தம்பது” என்றார். வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

காப்பிக்கடைச் சமையலறையில் அந்தக் கணக்குப்படி செய்தேன். கேக் நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிட்டது. சிரிப்பை அடக்க அந்த அம்மா படாத பாடு பட்டார். அடுத்த வாரம் இன்னொரு தடவை வா, அதோடு சரி என்றார். பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து நானே நிறுத்தேன். மங்கு போக நூற்று எண்பது. எத்தனை தடவை வைத்தாலும் அதேதான். அவர் வந்ததும் கேட்டேன்.

“ஈரத்துக்குக் கழிச்சேன். பனி நாள்ல கொழுந்துக்குக் கழிக்கிறது இல்லையா?”

“இது மாவுங்க! டின்னுக்குள்ள மூடி வச்ச மாவு!”

“கைப் பழக்கம் லா. வெயில் நாள்லயே கழிக்கிற கை...” என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

மழை, பனி என்றால் ஈரத்துக்காகக் கொழுந்தின் எடையைக் குறைப்பது எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். மிஞ்சிய எடைக்குத்தான் கூலி. வெயிலில் எங்கிருந்து வந்தது ஈரம்?

“என் கொழுந்துலயுமா?”

“எல்லாருக்குந்தான் கழிச்சேன். உனக்கு மட்டும் விட்டா நியாயமா?” என்றார் அந்த நியாயஸ்தர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த வாரம் நூற்று எண்பது கணக்கில் கேக் நன்றாக எழும்பிப் பெட்டிக்குள் போனது. வீட்டுக்கு வந்து இன்னொன்று சுட்டேன். அதை அவர் கையாலேயே வெட்ட வைத்து, என்னோடு கொழுந்து எடுத்த பெண்களின் வீடுகளுக்கு அவரையே கொண்டுபோகச் சொன்னேன். வழியில் துண்டு எதுவும் சிறுத்துவிடக் கூடாதே என்று நானும் கூடப் போனேன்.

முதல் வீட்டு அக்கா துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன கிராணியாரே, முழுசா குடுக்குறீங்க? இன்னிக்கு நல்ல வெயிலாச்சே, ஈரத்துக்கு ஒண்ணும் கழிக்கலையா?”

பக்கத்து வாசல்களிலெல்லாம் சிரிப்பு. இத்தனை வருடமும் லயம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. கிராணி பெண்டாட்டி என்று என்னிடம் மட்டும்தான் யாரும் சொல்லவில்லை.