தேவிகா பெயரில் வந்த டப்பா

ஆளை முகத்தால் அல்லாமல் டப்பாவால் அடையாளம் வைத்துக்கொள்ளும் தொழில் ஒன்று உண்டென்றால், அது மலம் பரிசோதிக்கும் லேப் டெக்னீஷியன் தொழில்தான்.

மூக்கைப் பிடிக்காமல் இந்த வரியைத் தாண்டியவர்கள் நம்மவர்கள். உங்களிடம் மனம்விட்டுப் பேசலாம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருக்கிறேன். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரை தரும் மையம் எங்கள் லேபுக்கு எதிர் அறை. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில், சும்மா கிடக்க வேண்டிய கிருமியும் புழுவும் குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும். அதைக் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ரோஸ் உருண்டைகள்

தேவிகா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தவள். முப்பது வயது இருக்கும். ஒன்றரை மாதமாக வயிற்றுப்போக்கு. டப்பாவை மூன்று கவரில் சுற்றி, துணிக்கடைப் பையில் போட்டு, புடவை எடுத்து வந்தவள் மாதிரி கொண்டுவந்தாள். எதிர் அறை கவுன்சிலர் விமலாவுக்கு அவள் விஷயத்தில் ஒரே குழப்பம். மாதாமாதம் மாத்திரை சரியாகத் தீர்கிறது, ஒன்றுகூட மிச்சமில்லை. எடை மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது.

சாயம் ஏற்றிப் பார்த்தேன். நீலத் தரையில் ரோஸ் நிறத்தில் குட்டிக் குட்டி உருண்டைகள், எண்ணி மாளாது. கிரிப்டோ என்று சுருக்கமாகச் சொல்வோம். குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒட்டுண்ணி. மாத்திரை வேலை செய்து எதிர்ப்புச் சக்தி ஏறினால்தான் அது அவளை விடும். "நானும் பாக்கட்டாக்கா?" என்றாள். காட்டக் கூடாது. காட்டினேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். தன் வயிற்றுக்குள் இருப்பதை இத்தனை அமைதியாகப் பார்த்தவர்களை நான் கண்டதில்லை. தலையை எடுக்காமலே சொன்னாள்:

"அழகாத்தான் கீதுங்க. நம்மளத் துன்னுட்டு இதுங்களாச்சும் நல்லா இருக்கட்டும்."

கவரைப்பேட்டைச் சுவர்

நான் தினமும் ரயிலில் வேலைக்கு வருகிறவள். இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, வண்டி கவரைப்பேட்டையில் நின்றது. என் ஜன்னலுக்கு நேரே சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இரண்டு பக்கமும் எரிகிற விளக்கு, நடுவில் தேவிகா. கல்யாணத்தில் எடுத்த படம் போலிருக்கிறது, கன்னம் நிறைந்திருந்தது. தேதியைப் பார்த்தால் செத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. "தெரிஞ்சவங்களா?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்த பெண். இல்லை என்று தலையாட்டினேன். எங்கள் டப்பாக்காரர்களை வெளியில் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள எங்களுக்கு அனுமதி கிடையாது. இந்த அவஸ்தை உங்களில் சிலருக்காவது தெரிந்திருக்கும்.

மருத்துவமனைக்குப் போனதும் விமலாவிடம் சொன்னேன். அவள் மாத்திரை ரிஜிஸ்டரை இழுத்துப் பிரித்தாள்.

"இன்னாக்கா சொல்றீங்க? முந்தாநாள்தானே அவுங்க ஊட்டுக்காரர் வந்து மாத்திரை வாங்கினு போனாரு. எப்படி கீறாங்கன்னு கேட்டேன், இப்போ தேவலை, நல்லா சோறு துன்றாங்கன்னாரே!"

ஆவி படிந்த மூடி

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அட்டெண்டர் முனுசாமி அண்ணன் அன்றைய டப்பாக்களைத் தட்டில் எடுத்துவந்தார். மூன்றாவது டப்பாவில் பேனாவால் எழுதியிருந்தது: தேவிகா. மாத்திரை மையத்தில் போட்டுக் கொடுத்த நோட்டின் நம்பரும் அவளுடையதேதான். மூடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது.

ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் வைத்தேன். லென்ஸுக்குக் கீழே ஏதோ ஒன்று சுருண்டது, நீண்டது, மறுபடி சுருண்டது. பக்கத்தில் இன்னொன்று. புழுக் குஞ்சுகள். ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்தால் தோல் வழியாக ஏறுகிற ஜாதி. நோஞ்சான் உடம்பில் குடலோடு நிற்காமல் நுரையீரல், மூளை என்று கிளம்பிவிடவும் கூடும். அப்படிக் கிளம்பினால் ஆள் பிழைப்பது கஷ்டம். தேவிகாவிடம் இந்தப் புழுவை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. முனுசாமி அண்ணன் டப்பாவை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மேடம், செத்தவங்களோடதுன்றீங்க. இன்னும் சூடா கீதே?"

நம்பருக்கு எழுந்தவர்

வேறு வழி தெரியாமல் விமலா வராந்தாவில் நின்று தேவிகாவின் நம்பரைக் கூப்பிட்டாள். கடைசி பெஞ்சிலிருந்து ஓர் ஆண் எழுந்து வந்தார். தேவிகாவின் கணவர் லோகநாதன். இரும்புக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. கதவைச் சாத்தியதும் யாரும் கேட்காமலே சட்டையைத் தூக்கினார். வயிற்றில் வளைந்து வளைந்து ஒரு சிவப்புக் கோடு. அதையொட்டி வரிசையாக நீல மைப் புள்ளிகள். "நேத்து டீ டைம்ல இங்க இருந்துச்சு. சாப்பாட்டு டைம்ல இங்க. ஷிப்டு முடியச்சொல்ல இங்க வந்துடுச்சு" என்று புள்ளி புள்ளியாகத் தொட்டுக் காட்டினார். தோலுக்கடியில் புழு ஊர்ந்த தடம் அது.

டப்பா அவருடையதுதான். தன் பெயரில் நோட்டுப் போட்டால் கம்பெனியில் தெரிந்துவிடும், வேலை போய்விடும் என்ற பயத்தில் அவர் ரத்தப் பரிசோதனைக்கே வந்ததில்லை. தனக்கும் எச்.ஐ.வி. இருக்கும் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு, செத்தவள் பெயரிலேயே மாத்திரை வாங்கியிருக்கிறார், செத்தவள் பெயரிலேயே டப்பாவும் வைத்திருக்கிறார். "அவங்க உயிரோட இருந்தப்ப உங்களுக்கு மாத்திரை ஏது?" என்று விமலா கேட்டாள். அவர் சட்டையை இறக்கிவிட்டுச் சொன்னார்:

"அவளுதுலதான் மேடம் துன்னுக்கினு இருந்தோம். ஒரு நாளு அவ, ஒரு நாளு நானு."

முப்பத்தொரு கிலோ

மாத்திரை அத்தனை சரியாகத் தீர்ந்த ரகசியம் அதுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டால் அந்த மருந்து ரத்தத்தில் நிற்காது, கிருமியை அடக்காது. எனக்கு முதலில் வந்தது கோபம், யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பிறகு அழுகை வந்தது.

புழு மருந்தை ஆளின் எடைக்குத் தக்கபடி கொடுக்க வேண்டும். நோட்டில் இருந்ததோ தேவிகாவின் முப்பத்தொரு கிலோ. அவர் பெயரில் நோட்டுப் போட்டால்தான் அவருக்கு வைத்தியம், தேவிகா இறந்ததையும் இன்றே எழுதியாக வேண்டும் என்று விமலா பக்குவமாகச் சொன்னாள். அவர் எழுந்து கதவு வரைக்கும் போனார். போனால் அடுத்த போஸ்டர் இவருடையதுதான் என்று நினைத்துக்கொண்டேன். கதவில் கை வைத்தவர், திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறினார். புழுவுக்கு அன்றே மருந்து கொடுத்தார் டாக்டர். ரத்தப் பரிசோதனையில் அவர் பயந்தபடியே வந்தது. சில நாளில் அவர் பெயர் எழுதிய முதல் மாத்திரை டப்பாவை விமலா கொடுத்தாள். தினமும் ஒன்று, ஒரு நாள்கூட விடக் கூடாது என்றாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"மொத்தமும் எனக்கேவா மேடம்?"

மூன்று வாரம் கழித்து லோகநாதன் என்ற பெயரிலேயே வந்த டப்பாவில் எதுவுமே அசையவில்லை. எதுவும் அசையாததைப் பார்த்துவிட்டு, ஆள் பிழைத்தார் என்று சந்தோஷப்படுகிற தொழில் எங்களுடையது.