ஏர்கோனின் பின்பக்கம்

எதையும் திருடாத ஒரு மனிதரைத் திருடன் ஆக்கியவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது. வயதைச் சொல்வது சலுகை கேட்பதற்காக அல்ல. பத்து வயதில் பொய் எது, உண்மை எது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் தெருவுக்கு முதலில் ஏர்கோன் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். அப்பா அரசாங்க உத்தியோகத்தர். நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் அதை வாங்கி வந்து, சன்னல் கம்பியை அறுத்துப் பொருத்தினார். அறைக்குள் குளிர்காற்றும் பின்வளவில் சூட்டுக்காற்றும் விடுகிற கனத்த பெட்டி அது. விருந்தாளிகள் வந்தால் போடுவார். அவர்களாகவே போர்வை கேட்கும்வரை நிறுத்தமாட்டார்.

முன்பக்கம் அப்பாவுக்கு என்றால் பின்பக்கம் அம்மாவுக்கு. யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டில் மோர் மிளகாய் இல்லாமல் சோறு இறங்காது. கிள்ளான் மழையிலோ மிளகாய் காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். ஏர்கோனின் சூட்டுக்காற்றில் அது நன்றாகக் காய்கிறது என்று அம்மா கண்டுபிடித்ததிலிருந்து, ஸ்டூலில் மிளகாய் பரப்பிய சுளகை, அதாவது முறத்தை, வைத்துக் காவல் காப்பது என் வேலையானது.

"ஒரு முழம் தள்ளி வை தம்பி. மிசினுக்கு மூச்சு முட்டப்படாது" என்பார் அம்மா.

ஒருமுறை குளிர் குறைந்தபோது காப்பாரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, சீனர் கடையில் தொழில் பழகிய இளைஞர். "இங்க வெச்சுப் பாக்க முடியாது சார், தூக்கிட்டுப் போய்த்தான் தொறக்கணும்" என்று லோரியில் ஏற்றிப் போனார். கழுவி, கேஸ் நிரப்பிக் கொண்டுவந்து மாட்டினார். எவ்வளவு ஆகும் என்று அப்பா முன்கூட்டிக் கேட்கவில்லை. கேஸ் ஏன் குறைந்தது என்று அவரும் சொல்லவில்லை. தொகையைக் கேட்டதும் அப்பாவின் முகம் சுருங்கியது. குளிர் வந்ததும் பேசாமல் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அப்பா ஏர்கோனைப் போட்டுக்கொண்டு உறங்கினார். தெருவில் பந்து உதைக்கும் சத்தம் கேட்டது. எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. ஒரு முழத் தூரத்தில் மிளகாய் காய்வதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். கிட்ட வைத்தால் சீக்கிரம் காயும் என்று தோன்றியது. ஸ்டூலை நகர்த்தி, சுளகை மெஷினின் முதுகோடு ஒட்டிச் சாய்த்து, சரியாமல் ஒரு செங்கல்லையும் முட்டுக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது மெஷின் முனகிக்கொண்டிருந்தது. ரப்பர் கருகிய நாற்றம். ஸ்டூலைப் பழைய இடத்துக்கு இழுத்துச் செங்கல்லைத் தூக்கிப் போட்டேன். ஒருமுறை உதறிவிட்டு மெஷின் நின்றது. அப்பா வியர்வையோடு எழுந்து வந்தார். அம்மா வந்து, "இண்டைக்கு நல்லாக் காஞ்சிருக்கு" என்று என்னை மெச்சினார்.

மறுநாள் மாலை மெக்கானிக் வந்து திறந்து பார்த்தார். "கம்ப்ரசர் அவுட் சார். புதுசு போடணும். அதுக்கு வேற மெஷினே பாத்து வாங்கிடலாம்."

"போன கிழமைதானே கொண்டுபோனனி? நல்லதைக் கழட்டி வித்துப்போட்டு, பழசைப் பூட்டினியோ?"

"ஐயோ, அப்படிலாம் செய்வேனா சார்? இது சூடேறி எரிஞ்சிருக்கு. பின்னால எதையோ வெச்சு அடச்சிருக்காங்க."

"நாங்கள் தள்ளித்தான் வைக்கிறனாங்கள்" என்றார் அம்மா.

மெக்கானிக் மெஷினின் முதுகுத் தகடுகளுக்கிடையில் விரலை விட்டு ஒரு மிளகாய் விதையை எடுத்தார். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இங்க எதாச்சும் சாத்தி வெச்சியா? பயப்படாம சொல்லு."

அப்பாவின் பிரம்பு கதவுக்குப் பின்னால் இருந்தது. "இல்லை" என்றேன்.

"என்ர பிள்ளை பொய் சொல்லான்" என்றார் அப்பா. "தோட்டத்துப் பெடியனை வீட்டுக்குள்ள விட்டது என்ர பிழை."

மெக்கானிக் விதையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுச் சாமான்களை மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். கூலி கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அப்பா கோயிலில் நாலு பேரிடம் சொன்னார். அன்றைய கிள்ளானில் எங்கள் ஆட்களில் ஏர்கோன் வைத்திருந்த எல்லோரும் அந்த நாலு பேருக்குள் அடக்கம். அதன்பின் அவருடைய மோட்டார்சைக்கிளை எங்கள் பக்கம் காணவில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் ஏதோ தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கேட்டபோது நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது சுபாங் ஜெயாவில் இருக்கிறேன். ஏர்கோன் பழுதானால், பார்க்க வரும் கூலி எவ்வளவு என்று முதலில் கேட்பேன். கேஸ் குறைந்தால் எங்கே கசிகிறது என்று காட்டச் சொல்வேன். என் கண்முன்னே திறக்கச் சொல்லி, கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வேன். வீட்டுக்காரர்கள் எல்லோரும் செய்ய வேண்டியதுதான். அப்பா செய்திருந்தால் அவருக்குச் சந்தேகமே வந்திருக்காது. ஆனால் சந்தேகத்தை அப்பா தொடங்கினார், அதை உறுதியாக்கியது நான்.

போன மாதம் என் வீட்டு ஏர்கோனுக்கும் கம்ப்ரசர் போய்விட்டது. மெக்கானிக் சொன்ன விலை நெஞ்சை அடைத்தது. எங்கள் குடியிருப்பின் கைப்பேசிக் குழுவில் அந்தப் பையனின் பெயரைப் போட்டு, நம்பலாமா என்று கேட்டேன். அடுத்த நிமிடமே ஒருவர் எழுதினார்: "எல்லாம் ஏமாத்துக்காரனுங்க லா அங்கிள்." அதற்குக் கீழே பலர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். யாருக்கும் அந்தப் பையனைத் தெரியாது. என் கேள்வியை அவசரமாக அழித்தேன். அன்று எதிலும் மனம் நிலைக்கவில்லை. மறுநாள் காரை எடுத்துக்கொண்டு காப்பாருக்குப் போனேன்.

காப்பிக் கடையில் அந்தப் பழைய மெக்கானிக்கைப் பற்றி விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். இரண்டு முறை அதைத் தாண்டிப் போய்த் திரும்பினேன். பிறகுதான் இறங்கினேன்.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மோர் மிளகாய் என்றதும் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். சுளகு, செங்கல், பிரம்பு. கொண்டுபோன உறையை நீட்டினேன். அதை அவர் பார்க்கவே இல்லை. பெரிதாகச் சிரித்தார்.

"எனக்குத் தெரியும் சார்! அந்த விதையப் பாத்தப்பவே தெரியும். காசுலாம் வேணாம். இத என் வீட்டுக்காரிகிட்ட ஒருக்கா சொல்லுங்க, போதும்." உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். "ஏ, இங்க வா! கிள்ளான் சார் மகன் வந்திருக்காரு. என்னா சொல்றாருன்னு கேளு!"

அந்த அம்மா நெத்திலி ஆய்ந்த கையோடு வந்து நின்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ, நீங்க அந்தச் சாமான எடுக்கலையா?"

"என்னா கேள்வி இது?"

"இல்ல... அந்த வாரந்தானே பாப்பாவுக்குத் தோடு வாங்கியாந்தீங்க. அதுல வந்த காசுன்னு நெனச்சேன். நம்ம புள்ளைக்குத்தானே எடுத்தாருன்னு மனச தேத்திக்கிட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருப்பேனா?"

கணவரின் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை. "இத்தன வருஷமாவா?" என்றார்.

அந்த அம்மா கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். பிறகு, "டீ போடறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "சுபாங்ல ஒரு கடைக்கு வயரிங் செஞ்ச காசு சார் அது" என்றார்.

"நம்புகிறேன்" என்றேன். சொல்ல வேண்டிய நாளில் சொல்லாததை இப்போது சொன்னேன்.

தேநீர் வந்தது. அவர் தொடவில்லை. நான் புறப்பட்டபோது வாசல்வரை வந்தது அந்த அம்மா மட்டும்தான். பத்து வயதில் நான் பயந்ததெல்லாம் கதவுக்குப் பின்னால் இருந்த பிரம்புக்குத்தான். நான் சொன்ன அந்த 'இல்லை', அன்று மாலை அவருடைய மோட்டார்சைக்கிளிலேயே ஏறி அவர் வீட்டுக்கும் போகும் என்று தெரியாது.