குரங்குக்குக் கேட்காத பை

ஏற்காடு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பைக்கடையில் நான் சேர்ந்த முதல் வாரமே முதலாளி சொல்லிவிட்டார்: "பெரிய ட்ரெக்கிங் பை ஒண்ணாச்சும் வித்துக் காட்டு சாமி. இல்லீனா நாகலூர் எஸ்டேட்டுக்கே போயி உங்கப்பன்கூட காப்பிப்பழம் பறி."

எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் முடித்தவன் நான். அப்பாவுக்கு மேஸ்திரி முன்னால் தலைகுனிவு வரக்கூடாது. போனில் பைகளைப் பற்றி ஒன்று விடாமல் படித்தேன்.

அப்போதுதான் சேலத்துக் கம்பிக்கடைக்காரர் ஒருவர் மனைவியுடன் வந்தார். கனடாவில் இருக்கும் மகன் லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குக் கூட்டிப்போகிறானாம். அங்கே மான் எருமை சைஸ்.

"கறியத் தூக்கியாரோணும் கண்ணு. பை நொம்ப ஸ்ட்ராங்கா இருக்கோணும்."

முதலாளி ஒரு பளபளப்பான பையைக் கண்ணால் காட்டினார். பக்கத்துக் கடையில் மிளகு மூட்டை இரவல் வாங்கி உள்ளே வைத்து, ஐயாவின் முதுகில் மாட்டினேன்.

"பெல்ட்டு இடுப்பெலும்பு மேல உக்காரோணுமுங்க."

"எலும்பா? அது எங்கிருக்குதுன்னு எனக்கே தெரியாது."

"கல்யாணத்தப்பப் பாத்ததுங்க தம்பி" என்றார் அவர் மனைவியான அம்மா.

ஏரிப் பக்கம் நடந்தோம். அடிக்கு அடி பை சரக் சரக் என்றது. ஏற்காட்டுக் குரங்குக்கு அந்தச் சத்தம் என்றால் சிப்ஸ் பாக்கெட். ஒரு கூட்டமே பின்னால் வந்தது. ஒன்று பைமேல் ஏறி, ஜிப்பைத் திறந்து, மிளகை அள்ளி வாயில் போட்டது. முகத்தைச் சுளித்து, ஐயாவின் வழுக்கையில் ஓங்கி ஒரு அறை விட்டது.

அம்மா குடையால் விரட்டினார். "கொரங்குக்கே கேக்குது. மானு நிக்குமாங்க?"

வேட்டைப் பையின் துணி சத்தம் போடக்கூடாது என்று நானும் படித்திருந்தேன். கடைக்குத் திரும்பி, முதலாளி முறைக்க முறைக்க, மூலையில் கிடந்த மங்கலான மெத்துத்துணிப் பையை எடுத்தேன். மறுபடி நடந்தோம். ஒரு குரங்குகூடத் திரும்பவில்லை. ஆனால் ஐயா பாதி வழியிலேயே மதகின் கட்டைச்சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"தோளு இழுக்குது கண்ணு. இதும் வேண்டாம்."

ஸ்ட்ராப்பை ஏற்றினேன், இறக்கினேன். எஸ்டேட் கண்முன் வந்தது. நிமிர்ந்தால், அம்மா நிற்கிறார். ஒரு கையில் ஆரஞ்சுப்பழம் வாங்கிய பை, குடை. மறு கையில் தண்ணீர் பாட்டில், ஐயாவின் ஸ்வெட்டர், ஐயாவின் செருப்பு. மூச்சுகூட வாங்கவில்லை.

"ஏனுங்கம்மா, அங்க கறிய யாருங்க தூக்குவாங்க?"

"இதென்ன தம்பி கேள்வி? இவரு சுடுவாரு. போட்டோ எடுப்பாரு. அப்பறம் இடுப்பு புடிச்சுக்கும்."

ஐயா ஏரியைப் பார்த்தார்.

அம்மாவின் பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்பெலும்புவரை டேப்பால் அளந்து, பையின் ஃபிரேமை இறக்கி அவருக்கு மாட்டினேன். பெல்ட் டக்கென்று உட்கார்ந்தது. மிளகு மூட்டையோடு மேடேறி எங்களுக்கு முன்னால் கடைக்குப் போய், "பில்லு போடுங்க" என்று நின்றார்.

என் வேலை தப்பியது. இன்றைக்கும் பெரிய பை கேட்டு வருகிறவரிடம் முதலில், "யாருங்க தூக்கப் போறீங்க?" என்றுதான் கேட்பேன். பாதிப்பேர் மெதுவாகப் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு நான் அங்கே போவேன்.