ஏணை கட்டிய உத்திரம்

புதுச்சேரியின் பழைய செங்கல் வீடுகளைப் பற்றி இந்தக் காலத்துக் கொத்தனார்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். தெரு முழுக்க வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான், பொதுச்சுவர். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். யார் வீட்டில் மீன் குழம்பு கொதிக்கிறது என்று தெருவுக்கே தெரியும். அந்தத் தெருவை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது, கூடவே வெட்கமாகவும் இருக்கிறது.

முப்பதுகளில், பிரெஞ்சுக்காரன் ஆட்சியில், நான் மேஸ்திரியாக எடுத்த முதல் வேலை அங்கேதான். சைகோனில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியதால் தெருவே பிரெஞ்சு மரியாதையில் முசே என்று கூப்பிட்ட லூர்துசாமி, பொதுச்சுவரைக் குடைந்து கூரை உயரத்துக்கு ஓர் அலமாரி வைக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு உத்திரங்களும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். அதனால் உளியை எடுக்கும் முன்பு அந்த வீட்டுக்குள் போய், உத்திரம் எங்கே வருகிறது என்று அளந்து, இந்தப் பக்கம் கரிக்கோடு போடுவது வழக்கம். நான் போகவில்லை. அங்கே மரியம் பீவியின் மகள் பிள்ளை பெற்றுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஆம்பளை எப்படி உள்ளே போய்க் கேட்பது என்று கூச்சம். கூச்சம் பாதி, திமிர் பாதி. அந்த வீட்டுக் கூரை ஒரு முழம் தாழ்ந்தது, உத்திரமும் நான் குடையும் இடத்திலேயே வரும் என்பது எனக்குத் தெரியாது.

மத்தியானத்துக்குள் ஐந்து வரிசைக் கல்லைப் பெயர்த்துவிட்டேன். திடீரென்று உளி மரத்தில் பட்டது. பார்த்தால் தேக்கு உத்திரத்தின் முனை. அதைத் தாங்கிய கல்லை நான்தான் எடுத்திருந்தேன். அந்தப் பக்கமிருந்து மரியம் பீவியின் குரல் கேட்டது.

"மேஸ்திரி, இடிக்காதீங்க. உத்திரம் எறங்குது. அதுலதான் ஏணை கட்டியிருக்கு. புள்ளயத் தூக்குனா ஆடிடுமோன்னு கைய வைக்கவே பயமா இருக்கு."

ஒரு சவுக்குக் கழியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கூச்சமாவது ஒன்றாவது! கழியை உத்திரத்துக்கு முட்டுக்கொடுத்து, ஆப்பை அடித்து இறுக்கிய பிறகுதான் மூச்சே வந்தது. மரியம் பீவி பிள்ளையைத் தூக்கினார். நெற்றியெல்லாம் சுண்ணாம்புத் தூள், அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது.

திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் முக்காட்டால் பிள்ளையின் நெற்றியைத் துடைத்தபடியே கேட்டார்:

"வாசல்ல வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் ஏணைய அவுத்திருப்பேன்ல?"

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பெயர்த்த கல்லைத் திரும்ப வைத்துக் கட்டினேன்; அந்தச் சுண்ணாம்புக் கட்டு இறுக ஒரு மாதம் ஆனது. தினமும் போய் ஆப்பைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே போகக் கூசிய அதே வீட்டில் எனக்குத் தினமும் டீ கிடைத்தது.

அதற்கப்புறம் எத்தனையோ பொதுச்சுவர்களில் கை வைத்துவிட்டேன். முதலில் பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்பேன். உத்திரம் எங்கே வருகிறது என்பது இரண்டாவது கேள்விதான். முதலில் கேட்பது இது:

"உங்க உத்திரத்துல என்னம்மா தொங்குது?"