அம்மா சொன்னதும் மண்டபத்தில் கேட்டதும்

அம்மாவின் கதையைப் பதிவு செய்வது என் யோசனை இல்லை. தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களின் வாழ்க்கைக் கதைகளை அவரவர் குரலிலேயே ஒலிப்பதிவு செய்யும் ஒரு நிறுவனத்தில் அப்போது வேலை பார்த்தேன். ஹட்டனில் தற்காலிகமாக ஓர் அலுவலகம் போட்டிருந்தார்கள். லிந்துலைப் பக்கம் பேச ஒத்துக்கொண்ட பெண்கள் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார்கள். வாயைத் திறந்தால் மகனுக்கோ மருமகளுக்கோ தோட்டத்தில் தொந்தரவு வரும் என்று பயம். "உங்க அம்மாவையே பேசச் சொல்லுங்களேன்" என்றார் கொழும்பிலிருந்து வரும் பொறுப்பாளர். என்னைவிட இளையவர்தான். ஆனாலும் எல்லோரும் அவரை மிஸ் என்றே கூப்பிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பராவின் கதவைச் சாத்திவிட்டு அம்மாவின் முன்னால் ரெக்கார்டரை வைத்தேன். தகரக் கூரையில் மழை. வழக்கமான கேள்விகளையே கேட்டேன்: எப்போது தோட்ட வேலைக்குப் பேர் பதிந்தீர்கள், எந்த மலையில் கொழுந்தெடுத்தீர்கள், கல்யாணம் எப்படி நடந்தது. அம்மா பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் பிறந்ததைப் பற்றிக் கேட்டபோது நிறுத்தினாள்.

"இதுல எல்லாம் பதியுதா?"

"பதியுது."

"அப்ப பதியட்டும்" என்றாள்.

"நீ பொறந்து கொஞ்ச நாள்ல தோட்டத்து டிஸ்பென்சரியில இருந்து ஆள் வந்துச்சு. வயித்துல அழுக்கு தங்கியிருக்கு, சுத்தம் பண்ணணும்னாங்க. ஒன்னய பிள்ளக்காம்பராவுல ஆயாகிட்ட விட்டுட்டு லாரியில ஏறுனேன். நெறய பொம்பளைங்க இருந்தோம், எல்லாரும் பச்ச ஒடம்பு. ஆஸ்பத்திரியில மயக்க ஊசி போட்டாங்க. முழிச்சுப் பாத்தா தொப்புளுக்குக் கீழ தையல். என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். சிங்களத்துல என்னமோ சொல்லிட்டு அங்க இருந்த நர்ஸ் நோனா போயிருச்சு."

அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை உண்டாகவில்லை. சில வருஷம் கழித்து டவுன் டாக்டரிடம் போனபோதுதான் தெரிந்ததாம். "ஒனக்குத்தான் கருத்தடை பண்ணியாச்சே, தெரியாதா?" என்று அவர் சிரித்தாராம்.

அப்பா குடித்துவிட்டு வந்து கத்தியதெல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. ரெண்டும் பொட்டையாப் பெத்துட்டு வயித்தப் பூட்டிக்கிட்டா என்பார். லயம் முழுக்கக் கேட்கும். அதை வெறும் குடிகாரப் பேச்சு என்றுதான் நானும் அக்காவும் நினைத்திருந்தோம்.

"அப்பாகிட்ட சொல்லலயா?" என்று கேட்டேன்.

"சொன்னேனே. நீ ஏண்டி லாரியில ஏறுனன்னு கேட்டாரு. சாகுற வரைக்கும் அதத்தான் கேட்டாரு."

அம்மா அழவில்லை. பேட்டி முடிவில் ஒரு பாட்டு வாங்கி வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதை நான் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். மலையில் பாடும் பழைய பாட்டு ஒன்றை அம்மா பாடினாள்.

சில மாதங்களில் டவுன் மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். சுவரில் கறுப்பு வெள்ளைப் படங்கள், ஒவ்வொரு படத்தின் கீழேயும் ஒரு ஹெட்போன். அம்மா கல்யாண வீடுகளுக்கு மட்டும் உடுத்தும் சேலையில் வந்திருந்தாள். ஹெட்போனை நான்தான் மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"கல்யாணத்துக்கப்புறம் பாட்டுதான் வருது பாப்பா. நான் சொன்னது எங்க?"

வாங்கிக் கேட்டேன். பேர் பதிந்தது இருந்தது, கல்யாணம் இருந்தது. உடனே பாட்டு. லாரி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, அப்பாவும் இல்லை. வெட்டின இடமே தெரியாதபடி ஒட்டியிருந்தார்கள்.

மிஸ்ஸைத் தேடிப் போய்க் கேட்டேன். வாசலில் தோட்டத்துத் துரைமாரை வரவேற்றுக்கொண்டிருந்தவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"அது சென்சிடிவ்வான விஷயம். தோட்ட நிர்வாகமும் இந்த நிகழ்ச்சிக்கு உதவி செஞ்சிருக்கு. அதோட உங்க அம்மாவோட பிரைவசியையும் நாங்க பார்க்கணும் இல்லையா?"

அம்மா என் பின்னாலேயே வந்து நின்றது எனக்குத் தெரியாது. "நான் தெரிஞ்சுதானே சொன்னேன், மிஸ்" என்றாள். "அன்னிக்கும் என்னையக் கேக்காமத்தான் வெட்டுனாங்க."

மிஸ் முகம் சிவந்துபோனார். யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

அந்த மாதத்தோடு வேலையை விட்டேன். முழுப் பதிவைத் தரச் சொல்லி மூன்று தடவை அலுவலகத்துக்கு நடந்தேன். பதிவுகள் நிறுவனத்துக்குச் சொந்தம், வெளியே தர முடியாது என்றுவிட்டார்கள். கொழும்பில் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் கிடக்கிறதோ, அழித்துவிட்டார்களோ, தெரியாது.

என் போனிலேயே மறுபடி பதிவு செய்யலாம் என்று அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"ஒருக்கா சொல்லியாச்சு. இனிமே என்னையக் கேக்காத."

அதனால்தான் இதை நான் எழுதவேண்டி வந்தது. அவள் வாயால் சொன்னதில் பாதிகூட இதில் இல்லை.