கயாவில் விட்ட சேனை

கயாவுக்கு வடக்கே, பராபர் மலையில் கல்லைக் குடைந்து செய்த குகையை நினைத்தால், அதன் சுவர்தான் முதலில் கையில் படுகிறது. கண்ணாடி போல வழவழப்பு. பழைய காலத்துச் சந்நியாசிகள் மழைக்கு ஒதுங்கிய இடம் என்று கைடு சொன்னார். இரண்டாம் கிளாஸோடு நின்ற எனக்கு, தேய்த்தவன் கை என்ன வலி வலித்திருக்கும் என்றுதான் தோன்றியது. நானும் தேய்க்கிறவன்தான், பாத்திரம்.

திருவனந்தபுரத்திலிருந்து போன யாத்திரைக் கோஷ்டிக்கு நான் சமையல்காரன். மூன்று நாள் ரயில், கயாவில் திதி, போத்கயாவில் போதிமரம், அப்புறம் இந்த மலை. எல்லாருக்கும் முழங்கால் போயிருந்தது, எனக்கு முதுகும். கயாவில் திதி கொடுத்தால் ஆளுக்கொரு காயை ஆயுசுக்கும் விட வேண்டும். நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். ஒருவர் பாகற்காயை விட்டார், பிறந்ததிலிருந்து தொட்டதே இல்லையாம். கரமனை மாமி மட்டும், தவறிப்போன கணவருக்காக, இருவருக்கும் உயிரான சேனைக்கிழங்கை விட்டாள். விட்டதைத் தின்றால் கொடுத்த திதியே வீண் என்பார்கள். யார் எதை விட்டார்கள் என்பதை என் மண்டைக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். அதைவிட ஓட்டைப் பாத்திரம் என்னிடம் இல்லை.

மறுநாள் சந்தையில் சேனையைப் பார்த்ததும் சொந்தக்காரனைக் கண்டது போல வாங்கி, தேங்காய் வறுத்துப் போட்டு எரிசேரிக் கூட்டு வைத்துவிட்டேன். மலையடியில் பரிமாறினேன். களைப்பில் யாரும் தட்டைப் பார்க்கவில்லை. மாமி வழித்துச் சாப்பிட்டாள். குகை இருட்டுக்குள் அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகும்போதுதான் எனக்கு உறைத்தது. காதோடு காதாகச் சொன்னேன்.

"மாமி, அபத்தம் பத்திடுத்து, தப்புப் பண்ணிட்டேன். நீங்க சாப்ட எரிசேரில சேனை."

அந்தக் குகையில் ரகசியம் பேச முடியாது என்று கைடு சொல்லியிருக்கலாம். "சேனை, சேனை" என்று சுவரெல்லாம் முழங்கியது. கோஷ்டி மொத்தமும் திரும்பியது. அந்தக் கல் என்னை விழுங்கினால் தேவலை என்று நின்றேன்.

"ஏண்டா கத்தறாய்? முதல் வாய்லயே தெரிஞ்சுது. எனக்கென்ன நாக்கு செத்தா போச்சு?"

"தெரிஞ்சுமா சாப்ட்டேள்?"

மாமி சுவரில் சாய்ந்துகொண்டாள். "அவர் போனது போறாதா? சேனையும் போணுமா?" அதையும் குகை திரும்பத் திரும்பச் சொன்னது. அது அடங்கியதும் மாமி, "போட்டது நீ, பாவம் உனக்கு. மிச்சம் இருக்கோ?" என்றாள்.

கீழே போய் அடுக்குப் பாத்திரத்தின் அடியை வழித்துப் போட்டேன்.

மாமி இப்போது இல்லை. பாவம் என்னிடமே இருக்கிறது. கொண்டுபோய்க் கயாவில் இறக்கி வைக்கலாமென்றால், முதுகு விடமாட்டேன் என்கிறது.