சிங்கராசா நடத்தும் பாடம்

"ரெண்டு கேள்விக்கும் இல்லை எண்டு சொல்லுங்கோ. விளங்குதோ?"

இதயநோயாளர் கிளினிக்கில் நோயாளர் இருக்கும் வாங்குகளுக்கு நடுவே நின்று சிங்கராசா பாடம் நடத்துகிறார். மனம் சோர்ந்து கிடக்கிறதா, முன்பு பிடித்தவற்றில் நாட்டம் போய்விட்டதா என்று இப்போது எல்லோரிடமும் தாதி கேட்கிறாள். ஒருவரும் 'ஓம்' சொல்லிவிடக் கூடாதாம். சொன்னால் மனநலப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்களாம். பிறகு வீட்டுப் பெட்டைக்குச் சம்பந்தம் பேச ஒருத்தரும் படியேற மாட்டார்களாம். தாழ்வுபாட்டு ஊருக்கு இப்படியொரு இலவச ஆலோசகர் வாய்த்தது யார் செய்த புண்ணியமோ! சோறு இறங்காமல் வாடிப்போன சிலாவத்துறை சாஹுல் ஹமீட், இவரை நம்பிப் போன மாதம் 'இல்லை' சொல்லிவிட்டுப் போனார்.

மாரடைப்பு வந்து பிழைத்தவர் சிங்கராசா. கிளினிக் நாளில் தலைக்கு மை, மடிப்புக் கலையாத சட்டை, ஊரெல்லாம் கேட்கும் சிரிப்பு. மற்ற நாளெல்லாம் சுவரைப் பார்த்துப் படுக்கைதான். கூப்பிடு தூரத்தில் கடல் கிடக்கிறது, எட்டியும் பார்ப்பதில்லை. பாரைமீன் குழம்பென்றால் உயிரை விடுகிற மனிதர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுகிறார். ஆனால் அவருக்கு ஒன்றுமில்லையாம்!

போன கிழமைதான் மனைவி பெர்னதெத்தா கண்டுபிடித்தாள், இதயத்துக்குத் தந்த மருந்துக் குளிசைகளை நாக்குக்கடியில் ஒளித்து வேலியோரம் துப்புகிறார் என்று. குளிசையை விட்டால் இன்னொரு மாரடைப்புத்தான் என்று டொக்டர் எச்சரித்திருந்தார். மனவருத்தமோ என்று அவள் கேட்டதற்கு, ஆம்பிளைக்கு என்ன மனவருத்தம் என்று பாய்ந்தார். வீம்புக்கு மட்டும் குறைச்சலில்லை.

இன்றைக்கு அவருடைய முறை வந்தது. அறைக் கதவு திறந்தே கிடந்தது. தாதி சுவேதினி கேட்டு முடிக்குமுன்பே, வாங்குகளெல்லாம் கேட்கும்படி இரண்டுக்கும் 'இல்லை' போட்டுவிட்டு எழுந்தார்.

பின்னால் நின்ற பெர்னதெத்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"பொய் சொல்லுறார் பிள்ளை. குளிசையெல்லாத்தையும் துப்பிறார். இவர் சாகப்போறார் எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு."

சிங்கராசா மனைவியை முறைத்தார். சுவேதினி அவரை ஏசவில்லை.

"ஏன் ஐயா துப்பிறனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் விறுவிறென்று வாசலுக்கு வந்தார். அவரிடம் பாடம் கேட்டவர்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகத்தான் போகிறார் என்று காலை ஒதுக்கி வழியும் விட்டார்கள். சிங்கராசா கதவை மெல்லச் சாத்தினார். திரும்பி வந்து, தாதிக்கு முன்னால் கதிரையில் இருந்தார்.